திங்கட்கிழமை வராவிட்டால் ரெண்டு நாள் சம்பளம் கட்: சூப்பர்வைசர் நான் என்ன செய்யட்டும்?

லைன்மூணு (திருப்பூர்)

வணக்கமுங்க. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருக்கிறேன். கம்பெனி பேர் வேண்டாம், எங்கள் ஆட்களே நாலு பேர் இதைப் படிப்பார்கள். கைமடியாக, அதாவது டைலருக்குக் கை உதவி செய்கிற ஆளாக உள்ளே வந்தவள் நான். சிங்கர் தையல் மெஷின் பழகி, ஓரம் மூட்டுகிற ஓவர்லாக் மெஷின் ஓட்டி, அப்புறம்தான் நோட்டும் பேனாவும் கைக்கு வந்தன. டைலர்களுக்கு நான் அக்கா, ஆபீசுக்கு நான் "லைன் மூணு". பிரச்சினை வந்துவிட்டால் மட்டும் இரண்டு பக்கமும் என்னை அந்தப் பக்கத்து ஆள் என்றுதான் பார்ப்பார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் லைனில் இப்போது ஓடுவது ரவுண்ட் நெக் டி-சர்ட். தோள் மூட்டுவது, கழுத்து ரிப் வைப்பது, கை ஏற்றுவது, சைடு மூட்டுவது எல்லாம் ஓவர்லாக். கழுத்து டேப்பும் லேபிளும் சிங்கர். கை மடிப்பும் அடி மடிப்பும் பேட்லாக் என்கிற மடிப்புத் தையல் மெஷின். ஓவர்லாக்கில் ஒருவர் வராவிட்டால் பக்கத்து லைனில் கெஞ்சி ஒரு ஆளை வாங்கி ஓட்டிவிடலாம். பேட்லாக் அப்படி இல்லை. இருப்பதே இரண்டு மெஷின், இரண்டு பேர். ஒருவர் வராவிட்டால் மதியச் சாப்பாட்டுக்குள் மெஷின் பக்கத்தில் பீஸ் இடுப்பு உயரத்துக்கு ஏறிவிடும். அந்தப் பக்கம் செக்கிங் மேஜையில் நூல் வெட்டுகிற டிரிம்மரைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு இருப்பார்கள்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை சம்பளம் போடும்போது ஆபீஸ் கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள். அனுமதி இல்லாமல் திங்கட்கிழமை லீவு போட்டால் இரண்டு நாள் சம்பளம் பிடிக்கப்படும். மாதத்தில் ஒரு நாள் வராவிட்டாலும் அட்டெண்டன்ஸ் போனஸ் ஆயிரம் ரூபாய் மொத்தமும் கிடையாது. வராதவர் வேலையை அந்த லைனில் இருப்பவர்களே முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும், எத்தனை மணி ஆனாலும் ஒன்றரை ஷிப்டுக்கு மேல் கணக்கு வராது (எங்களுக்கு ஒரு ஷிப்ட் என்றால் எட்டு மணி நேர வேலை, ஒரு நாள் சம்பளம்). கீழே முதலாளி கையெழுத்து இல்லை, "நிர்வாகம்" என்று மட்டும் இருந்தது.

அதற்கடுத்த திங்கட்கிழமையே மாட்டியது என் லைன்தான். பேட்லாக் ஓட்டுகிற பெண்ணுக்குச் சின்னப் பையன் ஒருவன். ஞாயிறு ராத்திரி காய்ச்சல் ஏறி, விடியக்காலையில் உடம்பு தூக்கிப் போட ஆரம்பித்துவிட்டதாம். கவர்ன்மெண்ட் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, வார்டிலிருந்தே ஆறரை மணிக்கு எனக்குப் போன் செய்தாள். நான் ஆபீஸ் திறந்ததும் போய்ச் சொன்னேன். "சொன்னாப் போதுமா? நாங்க சரின்னு சொல்லணுமல்ல" என்றார்கள். அந்தச் சனிக்கிழமை அவள் கவரில் இரண்டு ஷிப்ட் குறைந்தது. போனசும் போச்சு.

அதே வாரம் கட்டிங்கில் இருக்கும் ஒருவர், முதலாளிக்குப் பங்காளி முறை, பழனியில் கூட்டாளி கல்யாணம் என்று திங்களும் செவ்வாயும் வரவில்லை. புதன்கிழமை கட்டிங் மேஜையில் சாய்ந்துகொண்டு கல்யாணப் போட்டோ காட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு ரூபாய் பிடிக்கவில்லை. ஒரு கண்ணுக்கு வெண்ணெய், இன்னொரு கண்ணுக்குச் சுண்ணாம்பு.

இதைவிட என்னை உறுத்துவது வேறொன்று. அன்றைக்கு அந்தப் பேட்லாக்கில் உட்கார்ந்தது ஓவர்லாக் ஓட்டும் இன்னொரு பெண். கொஞ்சம் பேட்லாக் தெரியும், வேகம் வராது. அடி மடிப்பில் தையல் ஏறி இறங்கி, பாதியைப் பிரித்துத் திரும்பத் தைத்து, முடிக்க ராத்திரி பத்தரை ஆகிவிட்டது. பல்லடம் பக்கம் அவள் ஊருக்குக் கடைசி டவுன் பஸ் போயே போச்சு. வீட்டுக்காரர் டிவிஎஸ் எடுத்துக்கொண்டு வந்து கேட்டுக்கு வெளியே கொசுக்கடியில் நின்றுகொண்டிருந்தார். "ஏனக்கா, லீவு போட்டது அவ. தண்டனை எனக்குமா?" என்று கேட்டுவிட்டு வண்டியில் ஏறினாள். மறுநாள் பையனுக்குத் தேவலை என்று அந்தப் பெண் வேலைக்கு வந்தபோது இவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. இத்தனை நாளும் மதியத்தில் குழம்பு மாற்றிச் சாப்பிட்டவர்கள்.

ஏமாற்றுகிறவர்களே இல்லை என்று சொல்லமாட்டேன். சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை கூத்து, திங்கட்கிழமை போன் சுவிட்ச் ஆஃப் என்று இருக்கிற ஆம்பளை டைலர்கள் உண்டு. ஒரே பாட்டியை இரண்டு தடவை சாகடித்தவரும் என் லைனில்தான் இருக்கிறார். அவருக்காகப் போட்ட நோட்டீஸ் இது, எனக்கும் புரிகிறது. ஆனால் அவர் திங்கட்கிழமை வராமல் இருப்பதில் ஒரு மாற்றமும் இல்லை. வந்தவர்கள்தான் பத்தரை மணி வரை நிற்கிறார்கள். யாருக்கு எத்தனை ஷிப்ட் குறைக்க வேண்டும் என்று நோட்டில் குறிக்க வேண்டியது என் வேலை.

இப்படி இரண்டு நாள் பிடிப்பது செல்லுமா? மற்ற கம்பெனிகளில் ஆள் வராத நாளை எப்படி ஓட்டுகிறார்கள்? முதலாளியிடம் போய் என்னவென்று பேசட்டும்? "வேறு கம்பெனிக்குப் போங்கள்" என்று மட்டும் சொல்லாதீர்கள். சந்துக்குச் சந்து "டைலர் தேவை" போர்டு தொங்குவது எனக்கும் தெரியும்.


பவர்டேபிள்காரன் (அங்கேரிபாளையம்)

முதலாளி பக்கம் யாரும் பேசமாட்டார்கள், நானே பேசிவிடுகிறேன் அம்மணி. நான் பெரிய எக்ஸ்போர்ட்டர் கிடையாது. நாலு பேர் கொடுக்கிற துணியைத் தைத்துக் கொடுக்கிற ஆள். டெலிவரி தேதி தள்ளினால் எனக்கு வேலை கொடுத்த கம்பெனி என் பில்லில் கை வைக்கும். அவரைக் கேட்டால், தூத்துக்குடியில் கப்பல் போய்விட்டது, சரக்கை ஏரோப்ளேனில் அனுப்பச் சொல்லி வெளிநாட்டுக்காரன் உட்கார்ந்திருக்கிறான் என்பார். கப்பல் வாடகைக்கும் விமான வாடகைக்கும் இருக்கிற வித்தியாசத்தில் அந்த ஆர்டரின் லாபம் முழுசாக முங்கிப் போகும். திங்கட்கிழமை காலையில் ஷட்டரைத் தூக்கிவிட்டு, காலியாக இருக்கிற மெஷினைப் பார்க்கிறபோது வயிறு எரியுமா எரியாதா? தீபாவளிக்கு அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனவன் பொங்கல் வரைக்கும் முகம் காட்டாததும் நடக்கிறதுதான்.

அதெல்லாம் சரி. ஆனால் உங்கள் முதலாளி போட்ட நோட்டீஸ் வியாபாரத்துக்கே ஆகாது. திங்கட்கிழமை வராதவனுக்கு இரண்டு நாள் பிடித்தால் அவன் செவ்வாய்க்கிழமையும் வரமாட்டான். புதன்கிழமை எதிர் சந்தில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருப்பான். அவனிடம் நாம் ஒரு நாள் சம்பளம் மிச்சம் பிடித்ததாக நினைத்துக்கொண்டிருக்கும்போது, புது டைலர் கை பழகுகிற வரைக்கும் தப்பாகத் தைத்த ஆல்டர் பீசைப் பிரித்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

நான் செய்வது இதுதான். ஞாயிறு சாயங்காலம் என் வீட்டம்மா போன் போட்டு ஒவ்வொருவரையும் கேட்டுவிடுவார். நாளைக்கு வரமுடியாது என்றால் திட்டுவது கிடையாது, ஏன் என்று குடைவதும் கிடையாது. திட்டினால் அடுத்த வாரம் போனை எடுக்கமாட்டார்கள், அவ்வளவுதான் நடக்கும். கல்யாணம் ஆகி, பிள்ளை பெற்று, முழு ஷிப்ட் வரமுடியாமல் நின்றுபோன டைலர்கள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு ஒன்பதரைக்கு வந்து மூணு மணிக்குப் போகிறேன் என்பார்கள். பீஸ் ரேட்டில் கணக்கு. அந்த லிஸ்ட் என் பர்சில் இருக்கிறது. என் தொழில் ஓடுவது பாதி அந்தப் பெண்களால்தான்.

பங்காளி விஷயம் பற்றி: சொந்தக்காரனைத் தொழிலில் வைத்தால் இப்படித்தான் ஆகும். நான் என் மச்சினனை வைக்கவில்லை. அதற்காக வீட்டில் இன்றைக்கும் பேச்சு வாங்கிக்கொண்டிருக்கிறேன்.


பனியன்சங்கம்

தோழர், முதல் வேலையாக அந்த நோட்டீசைப் போட்டோ எடுத்து வையுங்கள். தேதி தெரியும்படி.

ஒரு நாள் வராததற்கு ஒரு நாள் சம்பளம்தான் பிடிக்கலாம். 1936ஆம் ஆண்டு சம்பளப் பட்டுவாடாச் சட்டத்தின் 9ஆம் பிரிவே இதைச் சொல்லிவிட்டது. வேலைக்கு வராத நேரம் மொத்த வேலை நேரத்தில் எவ்வளவு பங்கோ, சம்பளத்தில் அந்தப் பங்குக்கு மேல் பிடிக்கக் கூடாது. 2019ஆம் ஆண்டு ஊதியத் தொகுப்புச் சட்டத்திலும் 20ஆம் பிரிவாக அதே விதி வந்திருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் அந்தத் தொகுப்புதான் நடப்பில் இருக்கிறது, "பழைய சட்டம் போயிடுச்சு" என்று யாராவது சொன்னால் ஏமாற வேண்டாம். ஒரே ஒரு விலக்கு உண்டு. பத்துப் பேரோ அதற்கு மேலோ பேசிவைத்துக்கொண்டு, முன்னறிவிப்பும் நியாயமான காரணமும் இல்லாமல் வராமல் நின்றால் எட்டு நாள் சம்பளம் வரை பிடிக்க வழி இருக்கிறது. அது திடீர் வேலைநிறுத்தத்தை மனதில் வைத்து எழுதியது. ஆஸ்பத்திரியில் பிள்ளையை வைத்துக்கொண்டு போன் செய்த தாயை அதில் அடக்க முடியாது.

இதைச் சொன்னால் "அது சம்பளப் பிடிப்பு இல்லை, அபராதம்" என்று பேச்சை மாற்றுவார்கள். அபராதத்துக்கும் வரம்பு உண்டு. அந்தச் சம்பளக் காலத்துச் சம்பளத்தில் 3 சதவீதத்துக்கு மேல் போடக் கூடாது. எந்தெந்தத் தவறுக்கு அபராதம் என்று அரசு ஒப்புதலோடு முன்கூட்டியே அறிவித்து ஒட்டியிருக்க வேண்டும். போடுவதற்கு முன் அந்த ஆளை விளக்கம் கேட்க வேண்டும். பதிவேட்டில் எழுத வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, வசூலான அபராதம் முதலாளி கல்லாவுக்குப் போகக் கூடாது, தொழிலாளர் நன்மைக்கு மட்டும்தான் செலவாக வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தைச் சொன்னவுடனே அபராதத்தின் மேல் இருக்கிற ஆசை பாதிப் பேருக்குப் போய்விடும்.

ராத்திரி பத்தரை வரை நின்ற பெண் விஷயம் இதைவிடப் பெரியது. எட்டு மணி நேரத்துக்கு மேல் நாலு மணி நேரம் வேலை பார்த்தால் அரை ஷிப்ட் சேர்த்து ஒன்றரை ஷிப்ட் என்று ஊரே பழகிப்போயிருக்கிறது. கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் என்பது பழைய தொழிற்சாலைகள் சட்டத்திலும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. அந்த நாலு மணி நேரத்துக்கே முழு ஷிப்ட் சம்பளம் வர வேண்டும். ஒன்றரை ஷிப்டையும் தாண்டி நின்ற நேரத்துக்குக் கணக்கே இல்லை என்றால் அது ஓசி வேலை. தவிர, மாலை 7 மணிக்கு மேல் பெண்களை வேலை வாங்க அவர்களுடைய சம்மதம் வேண்டும், பாதுகாப்பு ஏற்பாடும் வேண்டும். வீட்டுக்காரர் டிவிஎஸ்ஸில் வந்து நிற்பது கம்பெனி செய்த ஏற்பாடு ஆகாது.

அடுத்து இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீடு. எல்லாரும் "அதான் இஎஸ்ஐ இருக்கே" என்பார்கள். மாதச் சம்பளம் 21,000 வரை இருப்பவர்களுக்கு அது உண்டு, தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25. உடம்பு சரியில்லாமல் டாக்டர் சர்டிபிகேட் கொடுத்தால் சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். அதற்கு முந்தைய ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். அந்தப் பணம் வாங்கும் காலத்தில் வேலையை விட்டு நிறுத்தக் கூடாது. இதெல்லாம் நல்லதுதான். ஆனால் இதில் இரண்டு ஓட்டை இருக்கிறது. பொதுவாக முதல் இரண்டு நாளுக்குப் பணம் வராது. ஒரு நாள் காய்ச்சல், இரண்டு நாள் வயிற்றுப்போக்கு எல்லாம் கணக்கிலேயே சேராது. இன்னொன்று, பிள்ளைக்கு மருந்தும் வைத்தியமும் உண்டு, பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருந்த தாய்க்குப் பணம் கிடையாது. உங்கள் பேட்லாக் பெண் அந்த இடத்தில்தான் மாட்டியிருக்கிறார்.

அவருக்கு உதவக்கூடியது சம்பளத்தோடு கூடிய ஆண்டு விடுப்பு மட்டும்தான். 20 நாள் வேலைக்கு ஒரு நாள். முன்பு வருடத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தால்தான் கிடைக்கும் என்று இருந்தது, ஊதியத் தொகுப்போடு வந்த பணிப் பாதுகாப்புத் தொகுப்பில் 180 ஆகியிருக்கிறது. 300 நாள் வந்தவருக்கு 15 நாள் சேரும். உங்கள் லைனில் எத்தனை பேருக்கு இந்த விடுப்புக் கணக்கை யாராவது காட்டியிருக்கிறார்கள்? நோட்டீசை விட்டுவிட்டு இதைக் கேளுங்கள். தனியாகக் கேட்க வேண்டாம்.

அட்டெண்டன்ஸ் போனஸ் வேறு கதை. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் ஒழிய, அது அவர்களாகக் கொடுப்பது. அங்கே சட்டம் பெரிசாகக் கை கொடுக்காது.


நைட்டூட்டி (கோவை)

பனியன் பற்றி ஒன்றும் தெரியாது அக்கா, நான் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். எங்கள் இடத்தில் பிடிப்பு கிடையாது. அதற்குப் பதில், லீவு வேண்டுமா, உன் இடத்துக்கு ஆளைப் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போ என்பார்கள். நூற்றிரண்டு டிகிரி காய்ச்சலில் படுத்துக்கொண்டு, காண்டாக்ட் லிஸ்டில் ஒவ்வொருத்தியாகப் போன் போட்டு "இன்னைக்கு என் டூட்டி பார்க்கிறியா, உன் சண்டே நான் பார்க்கிறேன்" என்று கெஞ்ச வேண்டும். ஆள் போடுவது யார் வேலை? அதற்காகத்தானே நர்சிங் சூப்பரின்டென்டென்ட் என்று ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள்!

நைட் முடிந்து காலை ஏழு மணிக்குக் கிளம்பும்போது அடுத்த ஆள் வரவில்லை என்றால் வார்டை விட்டுப் போகவும் முடியாது. பேஷண்டைப் போட்டுவிட்டுப் போனால் நாளைக்கு நம்மைத்தான் கேட்பார்கள். அந்தத் தைரியத்தில்தான் எங்கள் ஊரில் ஆள் குறைத்து ஓட்டுகிறார்கள். உங்கள் ஓவர்லாக் அக்கா கேட்ட கேள்வியை நானும் கேட்டிருக்கிறேன், வராத பெண்ணைப் பார்த்து. அவளுக்கு அபார்ஷன் என்று அப்புறம்தான் தெரிந்தது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை.

பவர்டேபிள் அண்ணா வீட்டம்மா போல எங்களுக்கும் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் எவ்வளவோ நல்லது.


மஸ்டர்ரோல்

புரொடக்‌ஷன் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவன். சட்டம் பேசினால் உங்கள் முதலாளி ஆடிட்டரைக் கூப்பிடுவார். கணக்குப் பேசினால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். ஆகவே கணக்கைப் பேசுங்கள் அம்மா.

உங்களிடம் மஸ்டர் ரோல், அதாவது வருகைப் பதிவேடு இருக்கிறது. ஒரு வருஷத்தை எடுத்து வைத்துக்கொண்டு, என்றைக்கெல்லாம் ஆள் குறைந்தது என்று பென்சிலில் வட்டம் போடுங்கள். "திடீரென்று லீவு போட்டுவிட்டார்கள்" என்று ஆபீசில் சொல்கிறார்களே, அதில் திடீர் என்று ஒன்றும் இருக்காது. திங்கட்கிழமை. தேதி கிழிக்கிற காலண்டரில் சுபமுகூர்த்தம் என்று போட்ட நாள். ஆடிப் பதினெட்டு. மாரியம்மன் நோம்பி சாட்டிய வாரம். தீபாவளிக்கு அப்புறம் தஞ்சாவூர், தேனிப் பக்கத்து ஆட்கள் திரும்பி வருகிற வரைக்கும் உள்ள நாட்கள். பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் மாதத்து முதல் வாரம். மழை ஆரம்பித்துக் காய்ச்சல் பரவுகிற மாதம். யார் வரமாட்டார் என்று தெரியாது, எத்தனை பேர் வரமாட்டார்கள் என்பது ஏறக்குறைய தெரியும். தெரிந்த ஒன்றுக்கு ஆள் வைக்காமல் இருந்துவிட்டு, நடந்தபிறகு கோபப்படுவதில் என்ன நிர்வாகம் இருக்கிறது?

இப்போது ஒரு நாள் கணக்கு. ஒரு பேட்லாக் நின்றுபோய், செக்கிங், அயர்ன், பேக்கிங் எல்லாம் சேர்த்து 12 பேர் இரண்டு மணி நேரம் வேலை இல்லாமல் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷிப்டுக்கு 480 ரூபாய் என்று குறைவாகப் போட்டாலும் மணிக்கு 60. இரண்டு மணி நேரத்துக்கு ஆளுக்கு 120. மொத்தம் 1,440 ரூபாய். ராத்திரி ஓடிய கரண்டும், பிரித்துத் தைத்த பீசும் இதில் சேரவில்லை. எல்லா மெஷினும் தெரிந்த ஆல்ரவுண்டர் டைலர் ஒருவருக்கு ஷிப்டுக்கு 700 கொடுத்தாலும், இரண்டு லைனுக்குப் பொதுவாக ஒருவரை வைத்துக்கொள்ளலாம். எல்லாரும் வந்த நாளில் அவர் என்ன செய்வார் என்று கேட்பார்கள். பீஸ் எங்கே தேங்குகிறதோ அங்கே உட்காருவார். எல்லாரும் வந்த நாளிலும் எங்கேயாவது தேங்கத்தான் செய்யும்.

அட்டெண்டன்ஸ் போனஸ் பற்றி. மாதம் முழுக்க வந்தால் ஆயிரம், ஒரு நாள் தவறினால் பூஜ்யம் என்றால், மூன்றாம் தேதி பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த பெண்ணுக்கு மீதி மாதம் ஒழுங்காக வர என்ன காரணம் இருக்கிறது? போனது போய்விட்டது, அடுத்த முகூர்த்தத்துக்கும் போய்விட்டு வரலாம் என்றுதான் தோன்றும். அதையே வாரத்துக்கு 250 என்று சனிக்கிழமை கவரில் போடுங்கள். ஒரு வாரம் போனால் ஒரு வாரம்தான் போகும். எல்லா நாளும் வந்தவருக்குக் கம்பெனி கொடுப்பது ஏறக்குறைய அதே ஆயிரம்தான்.

இன்னொன்றும் சொல்வார்கள், நான் நிறையக் கேட்டிருக்கிறேன். "ஹாஸ்டல்ல இருக்கிற பீகார், ஒடிசாப் பசங்களைப் பாருங்க, ஒரு நாள் லீவு போடறாங்களா?" என்று. அவர்கள் குடும்பம் இங்கே இல்லை. காய்ச்சல் வருகிற பிள்ளை இங்கே இல்லை. சேர்த்துவைத்து ஒரேயடியாக சத் பூஜைக்கும் ஹோலிக்கும் தன்பாத் எக்ஸ்பிரஸ் ஏறினால், போன ஆளில் எத்தனை பேர் திரும்புவார்கள் என்று அப்போது எண்ணிக்கொண்டு இருப்பார்கள்.

பங்காளி விஷயத்தை முதலாளியிடம் எடுக்காதீர்கள். எடுத்தால் மற்ற எல்லாம் அடிபட்டுப் போகும். அது நியாயம் என்று சொல்லவில்லை.


பனியன்சங்கம்

மஸ்டர்ரோல் ஐயா சொல்கிற கணக்கு நல்ல கணக்கு. ஆனால் வராத ஒரு நாளுக்கு மேல் பிடித்தது அந்தப் பெண்ணின் காசு. கணக்குப் பேசினாலும் பேசாவிட்டாலும் அது திரும்பி வர வேண்டும். முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும்போது அதையும் சேர்த்துப் பேசுங்கள் தோழர்.


லைன்மூணு (திருப்பூர்)

எல்லாருக்கும் நன்றிங்க. வேலை நெருக்கடி, உடனே வரமுடியவில்லை.

மஸ்டர் ரோலை எடுத்து வட்டம் போட்டேன். ஐயா சொன்னது போலவேதான் இருந்தது, ஆவணி மாதத்தில் முகூர்த்த நாளையும் காலி மெஷினையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றின் மேல் ஒன்று உட்காருகிறது. அதையும் பன்னிரண்டு பேர் கணக்கையும் ஒரு வெள்ளைத்தாளில் எழுதி, மேனேஜரைத் தாண்டி நேராக முதலாளியிடமே கொடுத்தேன். சங்கத்துத் தோழர் சொன்ன பிரிவு நம்பர்களை அந்தத் தாளில் எழுதவில்லை. தனியாக மடித்துப் பையில் வைத்திருந்தேன், இன்னும் இருக்கிறது.

அவர் படித்தார். கால்குலேட்டரில் ஒருமுறை தட்டிப் பார்த்தார். "வேலை இல்லாம ஆள் நின்னது எனக்கு யாரும் சொல்லலையே" என்றார். அவருக்கு ஆபீசிலிருந்து போவது ராத்திரி எத்தனை பீஸ் பேக்கிங் ஆச்சு என்கிற ஒரு நம்பர் மட்டும்தானாம். பத்தரை மணி வரை ஆள் நின்று அந்த நம்பரைச் சரிகட்டினால் அவர் கண்ணுக்கு எல்லாம் ஒழுங்காகத்தான் தெரியும். உண்மையா, சும்மா சொன்னாரா என்று நான் ஆராயப் போவதில்லை.

போனசை வாரக் கணக்குக்கு மாற்றிவிட்டார்கள், இந்தச் சனிக்கிழமையிலிருந்து. வராதவர் வேலையை முடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பதை வாய்வார்த்தையாக எடுத்துவிட்டார்கள், நோட்டீசில் அப்படியே இருக்கிறது. பேட்லாக் பெண்ணுக்கு ஒரு ஷிப்ட் காசைத் திருப்பிக் கொடுத்தார்கள், "இந்த ஒரு தடவைக்கு" என்று சொல்லி. இரண்டு நாள் பிடிப்பு விதியை எடுக்கவில்லை. அதைக் கேட்டபோது, "அப்ப திங்கட்கிழமை யாருமே வரமாட்டாங்க" என்றார். விடுப்புக் கணக்கைக் கேட்டதற்கு ஆபீசில் பார்க்கிறோம் என்றார்கள். தனியாகக் கேட்காதீர்கள் என்று தோழர் சொன்னது அப்போது ஞாபகத்துக்கு வந்தது. அடுத்த சனிக்கிழமை என் லைனில் எட்டுப் பேர் சேர்ந்து எழுதிக் கேட்பதாக இருக்கிறார்கள், ஒரே பாட்டியை இரண்டு தடவை சாகடித்தவர் உட்பட. கட்டிங்காரர் பற்றி வாயே திறக்கவில்லை.

நைட்டூட்டி தங்கச்சி எழுதியதை ஓவர்லாக் பெண்ணிடம் மதியம் படித்துக் காட்டினேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. குழம்பு மாற்றிக்கொள்வது இன்னும் ஆரம்பமாகவில்லை, ஆனால் பையனுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டாளாம்.

இன்னொரு சந்தேகம். அந்த ஓவர்லாக் பெண்ணையே ஆல்ரவுண்டராகப் பழக்கலாம் என்று முதலாளி சொல்லியிருக்கிறார். தினமும் மதியத்துக்கு மேல் ஒரு மணி நேரம் பேட்லாக்கில் உட்கார வைக்கிறேன். அடி மடிப்பு இப்போது நேராக வருகிறது. "பழகினா ஆல்ரவுண்டர் ரேட் போடுவாங்களா, இல்ல ஓவர்லாக் சம்பளத்துலயே ரெண்டு மெஷினும் ஓட்டணுமா?" என்று கேட்கிறாள். ஆபீசில் கேட்டால் "முதல்ல பழகட்டும்" என்கிறார்கள். வெளியே என்ன ரேட் ஓடுகிறது?


பவர்டேபிள்காரன் (அங்கேரிபாளையம்)

நான் ஓவர்லாக் ரேட்டுக்கு மேல் ஷிப்டுக்கு 80 ரூபாய் கூடப் போடுகிறேன் அம்மணி. பழகுவதற்கு முன்னாலேயே பேசி எழுதி வாங்கிவிடச் சொல்லுங்கள், பழகின பிறகு யாரும் கொடுக்கமாட்டார்கள். உங்கள் ஆபீசில் அதற்குக் குறைத்துச் சொன்னால் அந்தப் பெண்ணை இந்தப் பக்கம் அனுப்பிவிடுங்கள். இங்கே ஒரு பேட்லாக் சும்மாதான் கிடக்கிறது. ஆறு மணிக்கு மேல் நிற்க வேண்டியதில்லை.